ஃபேனா, மிக்ஸியா

மோட்டாருக்கும் ஃபேனுக்கும் செப்புக்கம்பி சுற்றித் தரும் கடைக்காரருக்குத் தெருவில் ‘யாரது’ என்று பெயர். பெற்ற தாயே போனில் கூப்பிட்டாலும் இரண்டு தடவை “யாரது?” என்று கேட்காமல் பேச மாட்டார்.

பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரர், போனில் மகனைப் போலவே பேசிய எவனோ ஒருவனுக்குக் கடைப்பணத்தை வழித்துக் கொடுத்த பிறகு, இவருடைய சந்தேகம் சட்டமாகிவிட்டது. பணம் அனுப்புவது மனைவி பொறுப்பு. இனி யார் கேட்டாலும், அவரே கேட்டாலும், ஒரு கேள்விக்குச் சரியான பதில் வந்தால்தான் அனுப்ப வேண்டும். கேள்வியை அவளே வைத்தாள்: கல்யாணத்துக்கு முன்னால், முதன்முதலாக இந்தக் கடைக்கு அவள் எதைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தாள்? அது கூடவா மறக்கும் என்று அவரும் தலையாட்டினார்.

கம்பி வாங்க வெளியூர் போனபோது பஸ்ஸில் பர்ஸும் போனும் பறிபோயின. டீக்கடைக்காரரின் போனை இரவல் வாங்கி, பணம் அனுப்பச் சொல்லி வீட்டுக்குப் பேசினார். இருமலிலேயே ஆளைத் தெரிந்துகொண்டாள். ஆனாலும் சட்டம் சட்டம்தானே, கேட்டாள்.

“டேபிள் ஃபேன்.”

“தப்பு.”

“ஏய், நான்தான்டி பேசறேன்.”

“எவனா இருந்தாலும் அப்படித்தான் சொல்வான்னு நீங்கதானே சொன்னீங்க.”

வைத்துவிட்டாள். ஊரார் மோட்டாரெல்லாம் எப்போது புகைந்தது என்று ஒப்பிக்கிற மனுஷனுக்கு, அவளுடைய மிக்ஸி மட்டும் நினைவில்லை!

கம்பி லாரியில் கெஞ்சி இடம்பிடித்து, தலையெல்லாம் புழுதியாக வந்து இறங்கினார். திட்டுவார் என்று பார்த்தால், கடை இனி பத்திரம் என்று பூரித்துப் போனார். சாப்பிட்டுக் கை கழுவும்போது மட்டும் சொன்னார்: “ஆனா, அது ஃபேன்தான்.”

அந்த வழக்கு வருஷக்கணக்கில் ஓடியது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அவர் ஃபேனை விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் மிக்ஸியை விடவில்லை. தீர்ப்பு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

இப்போது கம்பி சுற்றுவது அவள்தான். ஒரு மத்தியானம் போன் வந்தது. அவளுடைய வீட்டுக்காரருக்கு ஆக்சிடென்ட், ஆபரேஷனுக்கு உடனே பணம் கட்ட வேண்டும், அவர் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார் என்றான் ஒருவன். சுவரில் படமாக இருந்தவரை அவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டிவிட்டு வைத்திருக்கலாம்.

“அப்படின்னா அவரையே கேளுங்க தம்பி. முதல் தடவை நான் கடைக்கு எதைக் கொண்டுவந்தேன்?”

பக்கத்தில் யாரையோ கேட்பதுபோல் அவன் முணுமுணுத்தான்.

“ஃபேன்னு சொல்றாரும்மா.”

கையிலிருந்த கம்பியை மெல்லக் கீழே வைத்தாள்.

“அவரேதான்,” என்றாள். “ஆனா பதில் தப்பு. பணம் வராது.”