“எடுத்துக்கிறட்டும்” என்றார் அண்ணன்

நியூ ஜெர்சியில் நாங்கள் முதலில் குடியேறிய அடுக்ககத்தில், காலை பத்து மணியானால் பக்கத்து வீட்டில் ஒரு பெண் அழுவாள். சுவர் மெல்லியது. முதலில் விசும்பல் கேட்கும், பிறகு வாய்விட்டு அழுகை, பிறகு சட்டென்று அமைதி. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அதே அழுகை, முதலிலிருந்து. நான் கம்பத்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கணவர் மருந்து கம்பெனியின் ஆய்வகத்துக்குப் போய்விடுவார். நான் மதியத்துக்கு மேல்தான் தையல் கடைக்குப் போவேன். அதுவரை அந்த அழுகைதான் எனக்குத் துணை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படிச் சத்தம் கேட்டால் நாலு பெண்கள் வாசலில் நின்றிருப்பார்கள். இங்கே மாடியில் எட்டு வீடு இருந்தும் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. புருஷன் அடிக்கிறான் என்று நானே முடிவுசெய்து, இரண்டு வாரம் பொறுத்து, ஒரு நாள் சேமியாப் பாயசம் வைத்து எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி. கண் சிவந்திருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் “ஆர் யூ ஓகே?” என்றேன். அவள் கவலையோடு, “டூ மச்?” என்று கேட்டாள். பாயசத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, “நோ, நோ, ஸ்மால் பாத்திரம்” என்றேன். பிறகு அவள் கையிலிருந்த தாள்களைக் காட்டினாள். வசனம். அவள் நடிகை. அழுது பழகிக்கொண்டிருந்தாள். அழுகை அதிகமாக இருக்கிறதா என்றுதான் என்னிடம் கேட்டிருக்கிறாள்.

அவள் பெயர் எலன். நடிகை என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு ஷூட்டிங் புதிதல்ல. வயலிலும் அருவிக்கரையிலும் வேன்கள் வந்து நிற்கும், பள்ளிக்கூடம் பாதி காலியாகும், நடிகையின் குடை மட்டும் தெரிந்தாலும் அன்று முழுக்க அதே பேச்சாக இருக்கும். இந்த நடிகையோ அழுக்குத் துணியைத் தானே மூட்டை கட்டிக் கீழே இறங்கி, வாஷிங் மெஷினுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் போனாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. போனில் அம்மாவிடம் சொன்னபோது, “அவுகளுக்கு ஏதும் கஷ்டமா ஆத்தா? கார் இல்லையாமா?” என்று கேட்டார்.

அவள் நடித்ததெல்லாம் இண்டிபெண்டன்ட் படங்கள் என்பது மெதுவாகத்தான் எனக்குப் புரிந்தது. பெரிய கம்பெனிகள் இல்லாமல், ஏழெட்டுப் பேர் சேர்ந்து, இரவல் கேமராவில், யாராவது ஒருவர் வீட்டிலேயே எடுக்கும் படங்கள். எலன் நெப்ராஸ்காவில் மக்காச்சோளம் பயிரிட்ட விவசாயியின் மகள். இருபது வயதில் பஸ் ஏறி நியூயார்க் வந்தவள். முதல் படத்தில் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண்ணாக நடித்தாள். ஒரு செய்தித்தாள் அவள் முகத்தை ஒரு பத்தி முழுக்கப் புகழ்ந்து எழுதியதாம். அதன் பிறகு சிறைக் காவலாளி, ஆசிரியை, பிள்ளையை விட்டுப் போகும் தாய் என்று பதினோரு படங்கள். படம் இல்லாத மாதங்களில் பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்வாள். உடைகளைத் தானே கொண்டுபோக வேண்டும் என்பதால் என்னிடம் தைக்கக் கொடுப்பாள். பாத்திரத்தின் கதையைச் சொல்லி, “இவள் பாவாடை ஓரம் பிரிந்தால் தைப்பாளா, அப்படியே விடுவாளா?” என்று கேட்பாள். நான் யோசித்துச் சொல்வேன். அந்த நாட்டில் என்னிடம் அபிப்பிராயம் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

ஒருமுறை பெரிய கம்பெனிப் படம் ஒன்றில் இரண்டு நாள் வேலை கிடைத்தது. படம் வந்ததும் என்னையும் கணவரையும் தியேட்டருக்கு அழைத்துப் போனாள். இருட்டில் என் கையைப் பிடித்து, “அதோ, அதோ” என்றாள். கதாநாயகன் பேசிக்கொண்டிருக்க, பின்னால் ஒரு பெண் கதவைத் திறந்து வெளியே போனாள். “என் தோள்” என்று சொல்லி எலன் சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

2002-இல் நீனா என்ற இளம் இயக்குநர் எலனைத் தேடி வந்தாள். பெற்றோர் வட இந்தியர்கள், இவள் அமெரிக்காவில் பிறந்தவள். கணவனை இழந்த அமெரிக்கப் பெண்ணொருத்தி இந்தியாவில் அவன் அண்ணனின் தோட்டத்துக்குப் போகிறாள், அவளை என்ன செய்வதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை என்பது கதை. எலனுக்கு அதில் முக்கிய வேடம். அன்று எலன் என் வீட்டுக்கு அவளைத் தேநீருக்கு அழைத்து வந்தாள். சுவரில் என் அண்ணன் காதர் ஊரிலிருந்து அனுப்பிய புகைப்படம் இருந்தது. சுருளிப்பட்டிப் பக்கம் உள்ள எங்கள் பன்னீர்த் திராட்சைப் பந்தல், அதற்குப் பின்னால் மலை. நீனா தேநீரைக் கீழே வைத்துவிட்டு, “இது எங்கே இருக்கிறது?” என்றாள்.

அத்தா, எங்கள் அப்பா, போனில் கொதித்தார். “சினிமாக்காரவுகளத் தோட்டத்துக்குள்ள விடுறதா? நாலு பேரு என்ன பேசுவாக?” காதர் அண்ணன்தான் சமாதானம் செய்தார். பதினோரு பேர்தான் வருவார்கள், ஆட்டம் பாட்டு கிடையாது, நூருதான் மொழிபெயர்க்க வருகிறாள் என்றார். கடைசியில் சொன்னது அத்தாவுக்குப் போதுமானதாக இருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு நான் ஊர் திரும்பியது இப்படி ஒரு அமெரிக்க நடிகையின் மொழிபெயர்ப்பாளராகத்தான்.

முதல் வாரம் கேமரா முன்னால் நிற்க எலன் சம்மதிக்கவில்லை. பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு பழம் வெட்டும் பெண்களோடு பந்தலுக்குள் போய்விட்டாள். அவர்களில் மூத்தவர் பேச்சியம்மாள். எலன் கொத்தை உள்ளங்கையில் தாங்கி, காம்பில் கத்தரி வைத்து, அழுகின மணிகளை மட்டும் நறுக்கி எடுப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “ஏத்தா, இந்தம்மா நடிக்கவா வந்துச்சு? காட்டு வேல பாத்த கையாச்சே இது!” மக்காச்சோளக் காட்டை நான் சொன்னேன். “அப்பச் சரி” என்றார், ஊர்க்காரியைக் கண்டதுபோல.

சேதி பரவி சைக்கிள்களில் ஆட்கள் வந்தார்கள். “நடிக எங்கனக்கா?” என்று கேட்டார்கள். பேச்சியம்மாள் பழப் பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த எலனைக் கைகாட்டினார். “சும்மா சொல்லாத ஆத்தா” என்று அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். மதியம் சாப்பிட உட்காரும்போது பெண்கள் ஆளாளுக்குத் தூக்குவாளியை எலன் பக்கம் தள்ளி, “எடுத்துக்க, எடுத்துக்க” என்பார்கள். அவள் கற்ற முதல் தமிழ்ச் சொல் அது. பிறகு தண்ணீர் வேண்டுமென்றாலும் கத்தரி வேண்டுமென்றாலும் கையைக் காட்டி “எடுத்துக்கவா?” என்று கேட்கத் தொடங்கினாள். தோட்டமே சிரிக்கும்.

படப்பிடிப்பு முக்கால்வாசி முடிந்த சமயத்தில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. வெள்ளிக்கிழமை கேரளத்து வியாபாரியின் லாரி வருவதாக இருந்தது. நாலாம் நாள் காலை வானம் வெளுத்தபோது போய்ப் பார்த்தால், பழுத்து நின்ற கொத்துகளில் மணிகள் வெடித்துக் கிடந்தன. புளித்த வாடை. தேனீக்கள் மொய்த்தன. ஒரு பக்கம் கல்தூண் சாய்ந்து பந்தல் தரையில் கிடந்தது. காதர் அண்ணன் அந்தச் சேற்றில் கொத்து ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதினி சற்றுத் தள்ளி நின்று முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

நீனா கெட்டவள் அல்ல, அவளும் கலங்கித்தான் போயிருந்தாள். ஆனால் அவள் கண் வேறு எதையோ பார்க்கத் தொடங்கியிருந்தது. என்னைத் தனியே அழைத்து, “என் படத்தில் இல்லாதது இதுதான். எலன் பந்தலுக்குள் நடந்து போய் உன் அண்ணன் பக்கத்தில் உட்காரட்டும். தூரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் கேள்” என்றாள். கேமராவை ஏற்கெனவே தூக்கிவிட்டார்கள். எலன் நாலடி தள்ளி, படத்தில் உடுத்தும் சேலையில், காலிப் பெட்டியோடு நின்றாள்.

நான் அண்ணனிடம் போய்க் குனிந்து கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை. “எடுத்துக்கிறட்டும். இனி இதுல என்னா இருக்கு? எடுத்துக்கிறட்டும்” என்றார்.

நான் திரும்பி, “ஹி சேஸ் நோ” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. சேற்றில் உட்கார்ந்திருக்கும் என் அண்ணன் நியூயார்க்கில் திரையில் தெரிவார் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. சொன்ன பிறகுதான் எலனைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்ட சொல். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. நீனா அவளிடம் போனாள். “நீ பேசினால் கேட்பார். இந்த ஒரு காட்சிக்காக நீ இருபத்தைந்து வருடம் காத்திருக்கிறாய்” என்றாள். எலன் சொன்னாள்: “அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நீனா.” சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெட்டியோடு பந்தலுக்குள் நுழைந்து, வெடிக்காத கொத்துகளைத் தேடி வெட்டத் தொடங்கினாள். பேச்சியம்மாள் பின்னால் போனார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும், கேமராக்காரர் உட்பட. கால்வாசிப் பழம் தேறியது.

அன்று சாயங்காலம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒரு சம்பவம் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஆலங்கட்டி மழையில் அவள் அப்பாவின் பயிர் முழுக்கப் படுத்துவிட்டது. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படமெடுத்தார். கேமராவைக் கண்டதும் அப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். “நல்ல படம். முதல் பக்கத்தில் வந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை” என்றாள்.

படம் 2004-இல் வெளியானது. நியூயார்க்கில் ஒரே தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. எலனின் நடிப்பைப் பாராட்டினார்கள், ஆனால் முடிவு பலவீனம், பார்க்க வேண்டிய இடத்தில் படம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று ஒருவர் எழுதினார். அந்த வரியை நான் பலமுறை வாசித்தேன். நீனா வேறு படங்களுக்குப் போனாள். எலனை யாரும் கூப்பிடவில்லை. அவள் மறுபடி காலைகளில் வசனத் தாளோடு உட்கார்ந்தாள், மறுபடி சின்ன வேடங்கள், புத்தக ஒலிப்பதிவு, பிறகு ஒரு கல்லூரியில் நடிப்பு வகுப்பு.

2007-இல் ஊருக்குப் போனபோதுதான் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்து, ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்துத்தான் சொன்னேன்.

“நான் எடுத்துக்கிறட்டும்னுதானே சொன்னேன்?”

“வேற வழியில்லாமச் சொல்றீகன்னு நெனச்சேண்ணே.”

“ஒனக்கு யாரு சொன்னா? அந்தம்மா ஒரு வாரமா நம்ம காட்டுல குனிஞ்சு நிமிந்து வேல பாத்துச்சு. எனக்கு எல்லாம் போச்சு, அதுக்காவது ஏதாச்சும் ஆகட்டும்னுதான் சொன்னேன். அவுக பொழப்பக் கெடுத்துப்புட்டியே நூரு.”

அண்ணனின் மனம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்ன ஒரு சொல்லை அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்குப் புரிந்த அளவுகூட நான் புரிந்துகொள்ளவில்லை. திரும்பி வந்து எலனிடம் இதை ஒளிக்காமல் சொன்னேன். “உன் அண்ணன் பெரிய மனிதர்” என்றாள். பிறகு, “எனக்கும் வாய் இருந்ததே. நீ சொன்னது பொய் என்று நான் சொல்லியிருக்கலாம்” என்றாள். எங்களுக்குள் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சமாதானமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் ஒரு கோட்டுக்குப் பொத்தான் மாற்றக் கொண்டுவந்தாள்.

இந்த வருடம், 2010 வசந்தத்தில், அவள் வகுப்பெடுக்கும் கல்லூரியில் அவளுடைய படங்களைத் தொடர்ந்து திரையிட்டார்கள். எங்கள் படத்துக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். எலன் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். திரையில் எங்கள் பந்தல் வந்தது, மலை வந்தது. பெண்கள் பழம் வெட்டிக்கொண்டே பேசினார்கள், வசனம் இல்லாமல் அவர்கள் பாட்டுக்குப் பேசியதை நீனா அப்படியே வைத்திருந்தாள். பேச்சியம்மாள் தன் மருமகனைப் பற்றி ஏதோ சொன்னார். என் பக்கத்தில் எலன் சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கப்போகும்போதுதான் அரங்கம் சிரித்தது, நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். எலன் திரும்பி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தேன். பேச்சியம்மாள் சொன்னதைக் கேட்காமல், திரையின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்துகளை நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.