இடது மட்கார்டு

சத்தியமாக நடந்தது இது. என் மச்சானுக்கு நடந்தது. அவர் டிங்கர், காரில் விழுந்த ஒடுக்கு எடுப்பதில் கில்லாடி. பேய் பிசாசு என்றால் விழுந்து விழுந்து சிரிப்பவர். இப்போது அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை.

கார் அபூர்வமானது. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, பந்தயத்துக்கென்றே செய்தது. பல கை மாறி, கடைசியாக ஒரு பெரியவர் வாங்கித் தன் பழைய கொட்டகையில் நிறுத்தியிருந்தார். "புதுசு மாதிரி ஆக்கிக் குடு. இந்தக் கொட்டகைய உன் பேருக்கே எழுதித் தர்றேன்" என்றார். காலமெல்லாம் அடுத்தவர் கொட்டகையில் கூலிக்குத் தகரம் தட்டிய மனுஷன் மச்சான். விடுவாரா?

பெயிண்டைச் சுரண்டினார். பச்சைக்கு அடியில் வெள்ளை, அதற்கு அடியில் கறுப்பு, அடியோடு அடியில் சிவப்பு. ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒரு நிறம். இடது மட்கார்டில் மட்டும் ஒவ்வொரு நிறத்துக்கு அடியிலும் பட்டி பூசியிருந்தது. வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே ஒடுக்கை மூடியிருக்கிறார்கள். மச்சான் பட்டியை உடைத்துவிட்டு, உள்ளிருந்து தட்டி நேராக்கினார்.

மறுநாள் காலை... அதே இடத்தில் அதே ஒடுக்கு.

"எவன்டா இதுமேல சாஞ்சது?" என்று கத்தினார். அங்கே வேறு யாரும் இல்லை. சாவியும் அவரிடம்தான் இருந்தது.

மறுபடி தட்டினார். டிங்கர்கள் வழக்கப்படி கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஏதோ அவர் கையை அழுத்தியது.

ஐந்து விரல்கள்.

சொன்னால் கொட்டகை கைநழுவிவிடுமே! பெரியவரிடம் மூச்சு விடவில்லை. முன்பு வாங்கியவர்களைப் போலவே மச்சானும் பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மூடிவிட்டார்.

மத்தியானம் பெரியவர் வந்தார். நேராகக் காரின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்று, இடது மட்கார்டைத் தடவினார்.

"ஒடுக்கு சுத்தமா போயிடுச்சு."

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். ஒடுக்கு இருந்தது இவருக்கு எப்படித் தெரியும்?

டக்... ஹேண்ட் பிரேக் தானாக விழுந்தது.

இன்ஜின் உறுமியது. கழற்றிய இன்ஜினோ கொட்டகையின் அந்தக் கோடியில் தரையில் கிடந்தது!

"வேணாம்டா தம்பி!" பெரியவர் அலறினார். மச்சானைப் பார்த்து அல்ல. காலி ஓட்டுநர் இருக்கையைப் பார்த்து.

கார் சுவரை நோக்கி நகர்ந்தது. மெதுவாக... மிக மெதுவாக...

மச்சான் பின்னாலிருந்து உயிரைக் கொடுத்து இழுத்தார். நிற்கவில்லை.

அக்கம்பக்கத்தார் ஓடிவந்து காரைத் தள்ளியபோது பெரியவரின் உயிர் போயிருந்தது. மட்கார்டில் ஒரு கீறல்கூட இல்லை.

சில நாள் கழித்துப் பெரியவரின் மனைவி, மச்சான் போட்டுவிட்டு ஓடிய கொட்டகைச் சாவியோடு அவரைத் தேடி வந்தார். கண்ணில் சொட்டு ஈரம் இல்லை.

"சொன்ன சொல்லுப்படி கொட்டகை உங்களுக்குத்தான். அதுவும் காரும் மொதல்ல அவரோட தம்பியோடது. அதே சுவத்துல, அதே காரால தம்பிய நசுக்கிட்டு, பிரேக் விட்டுப்போச்சுன்னு எல்லாரையும் நம்ப வெச்சாரு."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"பார்த்துக்கிட்டு நின்னேன். தம்பிதான் என் மொத வீட்டுக்காரர். கொட்டகை, கார், நான்... எல்லாத்தையும் இவர் எடுத்துக்கிட்டார். கார வித்துட்டார். அத எங்கெங்கேயோ தேடிப் பிடிச்சு, இவர திரும்ப வாங்க வெச்சது நான்தான்."

சாவியை நீட்டினார். மச்சான் வாங்கவில்லை. கருவிகளை எடுக்கக்கூட உள்ளே போகவில்லை. இன்றைக்கும் அடுத்தவர் கொட்டகையில்தான் கூலிக்குத் தட்டுகிறார்.