என் பங்கிலிருந்து ஒரு பிடி

உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளித் தனியாக வைப்பது எங்கள் சபைப் பெண்களின் வழக்கம். அதைப் பிடியரிசி என்போம். அரிசிப் பானைக்குள் கையை விட்டு, மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லி, அள்ளியதை அடுப்புப் பக்கம் இருக்கிற சின்னக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கலயத்து அரிசியைப் பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். பீடத்துப் படிக்குக் கீழே பெரிய ஓலைப்பெட்டி இருக்கும். ஒவ்வொருத்தியாகப் போய் அதில் கொட்டிவிட்டு வருவோம். தாய் தகப்பன் இல்லாமல் விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு அது சோறாகும்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் கோயிலுக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் வயலைப் பாட்டத்துக்குப் பிடித்து நெல் போட்டார். கார்ப் போகம் அறுத்தாலும் பிசானப் போகம் அறுத்தாலும் களத்தில் முதலில் அளக்கிற நெல் கோயிலுக்குத்தான். அதில் அவர் ஒரு நாளும் கைச்சுருக்கம் காட்டியதில்லை. பிடியரிசி விஷயத்தில் மட்டும் என்னைக் கேலி செய்வார். வாய்க்காலில் தண்ணீர் வராமல் பிசானம் கருகிப்போன வருஷம், வீட்டில் ரெண்டு வேளையும் கஞ்சிதான். அப்போதும் நான் கலயத்தில் போடுவதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஆண்டவருக்கு இந்த மாசம் லீவுன்னு சொல்லிரு" என்றார்.

"கஞ்சி கொஞ்சம் தண்ணியா இருக்கும், அம்புட்டுதான்" என்றேன்.

"அவருக்குச் சோத்தக் குடுத்துட்டு என்னத் தண்ணியக் குடிக்கச் சொல்லுத."

"குடிங்க. ஒடம்புக்கு நல்லது."

சிரித்துக்கொண்டேதான் குடித்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு மகன் என்னைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

மகனையும் மருமகளையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு அரசாங்க வேலை, அவள் பள்ளிக்கூடத்து டீச்சர். சம்பளம் வந்த அன்றைக்கே பத்தில் ஒன்றைக் கோயிலுக்கு அனுப்பிவிடுகிற குடும்பம். எல்லாம் செல்போனில்தான். கடைகளில் கட்டம் கட்டமாக ஒரு அட்டை வைத்திருப்பார்களே, அது இப்போது கோயில் வாசலிலும் ஒட்டியிருக்கிறது. போனை அதன் முன்னால் காட்டினால் காணிக்கை போய்ச் சேர்ந்துவிடும். அதனால் ஆராதனையில் காணிக்கைத் தட்டு வருகிறபோது எங்கள் வரிசையில் யாரும் ஒன்றும் போடுவதில்லை. மகன் வாங்கி மருமகளிடம் கொடுப்பான், மருமகள் என்னிடம் கொடுப்பாள், நான் அடுத்த ஆளிடம் தள்ளிவிடுவேன். வெறுங்கையோடு தட்டைப் பிடிப்பது எனக்கு அதுவரை பழக்கமில்லாத காரியம். உடம்பு கூசிப்போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் அதைக் கவனித்துவிட்டு, ஐம்பது ரூபாய்த் தாளை என் கையில் வைத்தான். "இது உன் காணிக்கை. நீயே போடு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னிடம் எனக்கென்று ஒன்றும் கிடையாது. வயலும் இல்லை, கோழியும் இல்லை. மகன் அரசாங்க வேலையில் இருப்பதால் முதியோர் பென்ஷனும் கிடையாது. சமையலும் என் கையில் இல்லை. மருமகள் ஒரு சின்னக் கப்பில் அளந்து குக்கரில் போடுவாள். ஆளுக்கு இத்தனை கப்பு என்று கணக்கு. அந்தக் கப்பைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. அதில் எனக்கென்று ஒரு பங்கு இருக்கிறதல்லவா?

"ஏளா, நாளைக்கு அரிசி அளக்கையில எனக்குள்ளதுல ஒரு பிடி எடுத்துக்கிடுதேன்" என்று மருமகளிடம் சொன்னேன்.

"எதுக்கு அத்தை?"

"கோயிலுக்கு."

"நாமதான் தசமபாகம் அனுப்பிட்டோமே. மறுபடியும் எதுக்கு?"

"நீங்க அனுப்பிட்டீங்க. நான் அனுப்பலையே."

"நீங்க வேற, நாங்க வேறயா?" அவள் முகம் வாடிவிட்டது. "வேணும்னா அரிசி தனியா வாங்கித் தாரேன். உங்க சோத்துல எடுக்காதீங்க. வெளிய தெரிஞ்சா என்னையத்தான் பேசுவாங்க."

"நீ வாங்கித் தந்தா அது உன்னது. நான் சாப்பிடாம வச்சாத்தான் என்னது."

அவள் அலமாரியிலிருந்து காலி பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தாள். "ராத்திரி பசிக்குன்னு சொல்லப்படாது, ஆமா" என்றாள். நல்ல பெண்தான்.

அன்று முதல் என் தட்டில் சோறு கொஞ்சம் குறைந்தது. சில ராத்திரிகளில் பசித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தப் பசி எனக்குப் பிடித்திருந்தது. பழைய வீட்டில் இருப்பது போல ஒரு தெம்பு. டின் நிறைந்ததும் அரிசியைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மகனும் மருமகளும் அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். மகன் பேசிவிட்டிருந்த ஆட்டோவில் நான் மட்டும் தனியாகப் போனேன்.

அது பெரிய கோயில். பீடத்துக்குக் கீழே ஓலைப்பெட்டி எதுவும் இல்லை. அன்றைக்குப் பிரசங்கம் காணிக்கை கொடுப்பதைப் பற்றித்தான். குருவானவர் உருக்கமாகப் பேசினார். மடியில் பையை வைத்துக்கொண்டு நான் தலை நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிந்ததும் அரிசியை எங்கே கொட்டுவது என்று கேட்பதற்காகக் கோயில்பிள்ளையிடம் போனேன். மணி அடிப்பதும் விளக்குப் போடுவதும் அவருடைய வேலை. நான் வாயைத் திறக்குமுன்னே அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு, "அங்கன, பக்கத்து ஹாலுக்குப் போங்க ஆச்சி. பைய நடங்க, படி இருக்கு" என்றார்.

ஹாலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லார் கையிலும் பை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்தப் பட்டணத்தில் இத்தனை பேர் இன்னும் பிடியரிசி கொண்டுவருகிறார்களே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. நானும் வரிசையில் போய் நின்றேன். என் கண்ணில் புரை. தூரத்தில் மேஜைக்குப் பக்கத்தில் ஒருவர் படியால் அளப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கொண்டு வந்ததை அளந்து வாங்குகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. கமிட்டிக்காரர் ஒருவர், ஐம்பது வயசு இருக்கும், என் பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

"ஏற்கனவே கொஞ்சம் கெடக்கே ஆச்சி. ரேஷன்ல வாங்கினீங்களோ? பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து மூட்டையிலிருந்து படி நிறைய அள்ளி என் அரிசிக்கு மேலே கொட்டினார். பிறகு இன்னொரு படி. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாதத்தின் முதல் ஞாயிறு. ஆதரவில்லாத விதவைகளுக்குச் சபை அரிசி கொடுக்கிற நாள்.

"நான் வாங்க வரலவே, குடுக்க வந்தேன்" என்று சத்தம் போட வாய் வந்துவிட்டது. என்னை யாரென்று நினைத்தாய் என்று கேட்டிருப்பேன், கேட்கக்கூடியவள்தான். ஆனால் எனக்குப் பின்னால் அத்தனை பேர் நின்றார்கள். எனக்கு முன்னால் வாங்கியவளும் பையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நான் இவர்களைப் போல இல்லை என்று அவர்கள் காது கேட்க எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். அவர் பேரும் வீட்டு விலாசமும் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

வாசலுக்கு வெளியே, வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவள் என்று சொன்னாள். "இத நீ எடுத்துக்கோ தாயி. எனக்கு வேண்டாம்" என்று பையை நீட்டினேன்.

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "உங்க பங்கு உங்களுக்கு, எம்பங்கு எனக்கு. நான் கோயில்ல வாங்குவேன், ஆளுககிட்ட வாங்க மாட்டேன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து மனசு இளகி, "வெக்கமா இருக்கோ ஆச்சி? மொதல் தடவ அப்படித்தான் இருக்கும். எனக்கும் இருந்துச்சு. போகப் போகப் பழகிரும்" என்று என் முதுகைத் தடவிவிட்டுப் போனாள்.

பையை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என் அரிசியும் கோயில் அரிசியும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதைச் சமைக்கக் கொடுக்கவும் முடியாது, திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை. ராத்திரி படுத்தால் அது எனக்குக் கீழே இருப்பது தெரியும். அடுத்த மாதம் முதல் ஞாயிறு வந்தது. காய்ச்சல் என்று சொல்லி நான் கோயிலுக்கே போகவில்லை.

சாயங்காலம் அந்தக் கமிட்டிக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை. மருமகள்தான் கதவைத் திறந்தாள்.

"ஆச்சி இன்னைக்கு அரிசி வாங்க வரல. முடியலையோன்னு கொண்டாந்தேன்" என்றவர், வீட்டையும் வாசலில் நின்ற காரையும் பார்த்துவிட்டு, "வேற வீடோ?" என்று தடுமாறினார்.

மருமகள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து வெளியே வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். கமிட்டிக்காரர் பாவம், "எனக்குத் தெரியாதும்மா, மன்னிச்சிருங்க" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்.

மருமகள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் உங்களுக்குச் சோறு போடலையா அத்தை? சொல்லுங்க, போடலையா?"

"போட்ட தாயி. யாரு இல்லன்னு சொன்னா?"

"இனி ஊரு சொல்லும்லா. டீச்சரம்மா மாமியாரு தர்ம அரிசி வாங்குதான்னு சொல்லும்."

சொல்லிச் சொல்லி அழுதாள். நான் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எடுத்த பிடி, அவளைக் குனிய வைத்துவிட்டது. மகன் வந்தான், கேட்டான், சத்தம் போடவில்லை. "இனிமே அரிசிப் பை தூக்கிட்டுப் போவேண்டாம்மா" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த ஞாயிறு ஒரு மூட்டை பொன்னி அரிசி எங்கள் குடும்பத்தின் பெயரில் கோயிலுக்குப் போனது. குருவானவர் அதை ஆராதனையில் அறிவித்தார். சபையார் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது வேண்டியிருந்தது, நான் தப்புச் சொல்ல மாட்டேன். எத்தனையோ விதவைகள் அந்த மூட்டையில் சாப்பிட்டிருப்பார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்ததையும் அதோடு கொட்டிவிடச் சொல்லி நான் கேட்டிருந்தேன். "அதுல வண்டு விழுந்துட்டும்மா" என்றான் மகன். பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் எழுதுவது யாரையும் கொடுக்காதே என்று தடுப்பதற்காக அல்ல. கொடுங்கள். பத்தில் ஒன்றைக் குறைக்காமல் கொடுங்கள், முதலில் கொடுங்கள், மிச்சத்தில் கொடுக்காதீர்கள். போனில் அனுப்பினாலும் சரி. ஆனால் வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து நீங்களே கொடுத்து முடித்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு ஆளுக்காக இன்னொரு ஆள் சாப்பிட முடியாது. கொடுப்பதும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சபைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கிழவி பையோடு வாசலில் நின்றால் வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டாமல், என்ன கொண்டு வந்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது மகன் ஞாயிறுதோறும் தாளை என் கையில் வைக்கிறான். நான் திருப்பிக் கொடுப்பதில்லை. கொடுத்தால் மருமகள் முகம் வாடும். தட்டு வரும்போது அதைப் போட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்கிறேன். வீட்டில் மருமகள் என் தட்டில் சோறு வைக்கிறபோது போதும் என்று சொன்னாலும் இன்னொரு கரண்டி வைக்கிறாள். நான் முழுவதையும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.