பலாப்பழத்தின் உள்பக்கம்

எங்கள் வீட்டுக்குள் எந்தத் துணி வந்தாலும் முதலில் அதை உள்பக்கமாகத் திருப்பிப் பார்ப்போம். விலை, நிறம் எல்லாம் அப்புறம்தான். பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தையல் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுத்தான் மறுவேலை. ஆவடியில் முப்பது வருடம் சீருடைத் துணி வெட்டிய அப்பா எனக்குக் கொடுத்த வியாதி இது. அவருக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, காபி டம்ளருக்கு நீண்ட மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, சட்டையின் கஃப்பை மெல்லத் திருப்பிப் பார்த்தார் அப்பா. அதை எங்கள் வீட்டுக்காரர் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

அவர் திருநெல்வேலிப் பக்கம். பட்டன் அறுந்தால் சட்டையையே தூக்கிப் போடுகிற பரம்பரை. எங்கள் மகள் அவரை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். கள்ளிக்குப்பத்தில் எங்கள் ஃப்ளாட்டின் ஹாலில் பாதியைத் தையல் மெஷின் அடைத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அது தோசைத் தட்டு வைக்கிற மேஜை. அவள் வயதில் நான் பொம்மைக்குப் பாவாடை தைத்துவிட்டேன். இவளை ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் கொட்டாவி விடுவாள்.

முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிற தன் வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் அப்பா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நம்ம கை இதுக்கு வர்லியேமா."

"வராட்டி போவுது நைனா. அது இஷ்டம்."

வாய்தான் அப்படிச் சொல்லும். மூன்று தலைமுறையாக வந்தது என்னோடு நின்றுவிடுமோ என்று எனக்கும் ஏக்கம்தான். அவர் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார், நான் சொல்வதில்லை.

போன வருடம் பள்ளியில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்குப் பலாப்பழம் விழுந்தது. சேதி போன மறுநாளே அப்பா கத்திரியும் துணிப்பையுமாக வந்து நின்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீடு வீடாக இல்லை. கேன்வாஸைக் கூம்பாகச் சுருட்டி, பச்சைத் துணி போர்த்தி, முள் முள்ளாகத் தைத்தோம். நான் வைத்த வரிசை கோணல் என்று அப்பா பிரித்துப் போட்டார். அவர் வெட்டிய கழுத்து இறக்கம் என்று நான் எகிறினேன். எங்களுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு கிடையாது. வீட்டுக்காரர் டீயை வைத்துவிட்டு ஓசைப்படாமல் ஒதுங்கிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது அப்பா பையிலிருந்து மஞ்சள் சாட்டினை எடுத்தார். உள்ளே லைனிங் கொடுக்கவாம். அதில் பஞ்சு அடைத்த சுளைகள் வேறு.

"உள்ள யாரு நைனா பாக்கப் போறாங்க?"

"பாக்காட்டி இன்னா? பலாப்பழம்னா உள்ள சுளை இருக்க வாணாமா?"

நியாயம்தானே என்று நானும் உட்கார்ந்து சுளை தைத்தேன்.

அடுத்து, போட்டுக் கழற்ற ஜிப் வைக்க வேண்டும். பக்கவாட்டில் ஜிப் வந்தால் முள் வரிசை அறுந்து தெரியும். இருவருக்குமே மனசு வரவில்லை. போட்டியன்று காலையில் பிள்ளையை உள்ளே நிறுத்தி, அக்குளிலிருந்து முழங்கால்வரை கைத்தையலால் மூடிவிட்டோம். தைத்த இடமே தெரியவில்லை. அப்பா தள்ளி நின்று பார்த்துத் தலையை ஆட்டினார். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்னவெல்லாம் தேவைப்படும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

இன்னும் மூன்று பேர் முடிந்தால் இவள் மேடையேற வேண்டும். அப்போது என் புடவையை இழுத்தாள்.

"அம்மா, ஒண்ணுக்கு வருது."

கத்திரி என் கைப்பையில்தான் இருந்தது. வெட்ட வேண்டிய இடம்தான் கிடைக்கவில்லை. இடம் தவறினால் துணி கிழிந்துவிடும். அப்பா கண்ணாடியை ஏற்றி ஏற்றித் தன் தையலைத் தானே தேடினார். நான் முட்களுக்கு நடுவே தடவிக்கொண்டிருந்தேன். பிள்ளை ஒற்றைக் காலில் நின்றாள். எங்கள் பெருமையால் அவள் மேடையில் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இருங்க," என்று அவள் ஒரு கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். "தாத்தா, முடிச்சு உள்ள இருக்கு." விரலால் அதை இடுக்கு வழியாக வெளியே தள்ளினாள். வெட்டினேன். நூல் சரசரவென்று பிரிந்தது. மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

நாங்கள் ஊசியும் நூலுமாகக் காத்திருந்தோம். அவள் திரும்பி வரவில்லை. அதற்குள் மேடையில் மஞ்சளாக ஏதோ வந்து நின்றது. யார் வீட்டுப் பிள்ளையோ என்று பார்த்தேன். எங்கள் வீட்டுப் பிள்ளை. உடையை அப்படியே உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பிரிந்த பக்கத்தை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

"நான் பலாப்பழம்," என்றாள் மைக்கில். "இது என் உள்பக்கம்." பிறகு ஓரத்தைத் தூக்கி முள்ளைக் காட்டினாள். "அது வெளிப்பக்கம்."

பரிசு கேஸ் சிலிண்டராக வந்த பையனுக்குப் போனது. எங்களுக்கு அதெல்லாம் நினைவிலேயே இல்லை.

"ஏன்டி திருப்பிப் போட்ட?" என்று கேட்டேன்.

"கழட்டறப்ப திருப்பிப் பாத்தேம்மா. உள்பக்கம்தான் சூப்பரா இருந்துச்சு. யாருமே பாக்கலன்னா எப்படி?"

"முள்ளு குத்தலையா?"

"குத்துச்சு."

ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் அவள் இன்றைக்கும் கொட்டாவிதான் விடுகிறாள். அன்று அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

"திருப்பிப் பாத்துகீதுமா," என்றார். "போதும் எனக்கு."