மகளிர் பெட்டி

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் நிற்கிறேன். மின்ரயில் நுழைகிறது. பிரேக் தேயும் அந்தச் சூட்டு இரும்பு வாடை என்னை ஒன்பது வயதுக்கு இழுத்துப்போகிறது.

அன்று அம்மா மகளிர் பெட்டியில் ஏறினாள். நானும் தம்பியும் அப்பாவோடு பொதுப்பெட்டியில். தாம்பரத்தில் ரயில் நின்றபோது அப்பா உறங்கிப்போயிருந்தார். அம்மாவைக் கேட்டு அழுத தம்பியிடம், "எறங்கி அம்மா பொட்டிக்கு ஓடுடா" என்றேன். ஓடினான்.

இந்த நடைமேடையில் இறங்கியதும் அம்மா அப்பாவிடம் கேட்டாள்: "சின்னவன் எங்கய்யா?"

"உன்னாண்ட வந்துட்டான்னுல்ல நெனச்சேன்."

"கொழந்தைய வுட்டுட்டுத் தூங்கிகினு வந்தியா?"

தேடாத நிலையமில்லை, தம்பி கிடைக்கவில்லை. அதன்பின் அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டாள், கடைசிவரை பேசவில்லை. ஓடச் சொன்னது நான்தான் என்று ஒருநாளும் நான் வாய் திறக்கவில்லை. இப்போது மகளிர் பெட்டி என் எதிரில் வந்து நிற்கிறது. சொல்வதற்கு அவர்கள் இருவருமே இல்லை.