அம்மாவைப் பற்றிச் சொல்லாத சாட்சி

முடிச்சூரில் எங்கள் சபையின் திருவிருந்துக்குத் திராட்சரசம் எங்கள் வீட்டு அடுப்பிலிருந்துதான் போகும். மாதத்தின் முதல் ஞாயிறு நெருங்கினால் அம்மா தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பன்னீர் திராட்சை வாங்கி வருவாள். சர்க்கரையும் கிராம்பும் போட்டுக் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, பாட்டில்களில் நிரப்புவாள். வீடே இனிப்பாக மணக்கும். அவள் விரல்நுனிகள் வாரக்கணக்கில் ஊதா நிறமாக இருக்கும். அந்தக் கறையைத் தேய்த்துக் கழுவ அவள் பெரிதாக மெனக்கெட்டதில்லை.

சில ஞாயிறுகளில் பாஸ்டர் மேடையிலிருந்தே அம்மாவைப் பாராட்டுவார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துகொள்வாள். திரும்பி வரும் ஷேர் ஆட்டோவில் மட்டும் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்க்கும். “போச்சு. இந்த மாசப் பலனையும் இங்கயே வாங்கியாச்சு” என்று என் காதில் சொல்வாள். பாதி கேலி, பாதி நிஜக் கவலை.

மனிதர்கள் பாராட்டிவிட்ட காரியத்துக்கு மேலே ஒன்றும் மிச்சமிருக்காது என்று அவள் நம்பினாள். விசுவாசிகளுக்கென்று தனியாக ஒரு நியாயத்தீர்ப்பு உண்டு என்பார்கள் எங்கள் ஆட்கள். பரலோகமா நரகமா என்று முடிவு செய்கிற இடமல்ல அது. அந்த முடிவு முன்பே ஆகிவிட்டது. இங்கே ஆண்டவர் முன்னால் நின்று, வாழ்ந்த வாழ்க்கையை நெருப்பில் வைத்துக் காட்ட வேண்டும். பொன்னாக இருந்தது நிற்கும், வைக்கோலாக இருந்தது எரிந்துபோகும். எல்லாம் எரிந்தவரும் உள்ளே போகலாம், ஆனால் வெறுங்கையோடு. உள்ளே விட்டால் போதாதா, கையில் என்ன இருந்தால் என்ன என்பது என் கட்சி. அம்மாவுக்கு அது போதாது. கல்யாண வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போகக் கூச்சப்படுகிறவள் அவள்.

போன வருடத்துக்கு முந்தின வருட மழைக்காலத்தில் அம்மா படுத்த படுக்கையானாள். இதயம் தளர்ந்துவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்கழி முழுக்க அவள் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கோ மிதந்துகொண்டிருந்தாள். பக்கத்திலேயே கிடந்து கிடந்து நானும் அப்படித்தான் ஆகிப்போனேன். காலையா மாலையா என்றே பிடிபடாது. ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் சத்தம் வந்தால், யாரோ எங்கேயோ கிளம்பிவிட்டார்கள் என்று மட்டும் தோன்றும்.

அப்படி ஒரு விடியலில் கண்ணைத் திறந்தபோது அறைக்குள் வெளிச்சம் பழுப்பாக இருந்தது. கொசுவலையும் மருந்து மேசையும் அம்மாவின் வெள்ளைப் புடவையும் புகைக்குள் பாதிதான் தெரிந்தன. போகி. எதிர்வீட்டு வாசலில் பழைய பாயும் தலையணையும் எரிந்துகொண்டிருந்தன. மேலே ஒரு விமானம் இறங்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அம்மா எனக்கு முன்பே விழித்திருந்தாள்.

“ஆரம்பிச்சிட்டாங்களா?” என்றாள்.

“எதைம்மா?”

“எரிக்கறதைத்தான். என்னோடதுதான் எரியுது.”

ஜன்னலைத் திறந்து, அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அம்மா உள்ள படுத்துகினு கீறாங்கன்றதே மறந்துட்டேன்மா. இரு, தண்ணி ஊத்திடறேன்” என்று அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நெருப்பு அணைந்தது. புகை முன்னைவிட அதிகமாக வந்தது.

இது போகி, வேறொன்றுமில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினாள். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

“திராட்சரசம், பாட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபம் பண்ணது, ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்துட்டேன்டி. எல்லாத்துக்கும் யாராவது என்னைப் பாராட்டியிருக்காங்க. அவர் முன்னாடி நான் எதைக் காட்டுவேன்?”

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. ஓடியாடி உழைத்தவளைக் கடைசியில் இப்படி நடுங்கவைக்கிற போதனைமேல் கோபம். ஆண்டவர் என்ன ஆடிட்டரா என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

எங்கள் தெருவுக்குள் வெள்ளம் வந்து வடிந்த சமயம், பின்கதவுப் பக்கம் அம்மா ஒரு காரியம் செய்தாள். மாடிப்படியில் நான் நின்றதை அவள் கவனிக்கவில்லை. அதனால் பிழைத்தவருக்கு, செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அம்மாவே அதை மறந்துவிட்டிருந்தாள்.

“ஒண்ணு இருக்கும்மா. நான் மட்டும்தான் பாத்தேன்.”

“என்னது?”

சொல்லப்போனேன். சட்டென்று நிறுத்திக்கொண்டேன். அவள் நம்பிக்கைப்படி பார்த்தால், சொல்வதே அவளுக்குச் செய்கிற துரோகம்.

“சொல்ல மாட்டேன். சொன்னா அதோட பலனும் இங்கயே முடிஞ்சிடும்.”

அம்மா என் பக்கம் தலையைத் திருப்பினாள். “நீ பாத்துட்டியே, அதுல போயிடலையா?”

“பாத்தா போகாது. பாராட்டினாத்தான் போகும். நான் இதுவரைக்கும் வாயே திறக்கல.”

ஷேர் ஆட்டோவில் பார்த்த அந்தச் சிரிப்பு மெல்ல வந்தது. “சரி, சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத” என்றாள். மணிக்கட்டை விட்டாள். அன்று மதியம் அவளாகவே கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மாசியில் போய்ச் சேர்ந்தாள். எங்கள் சபையில் அடக்க ஆராதனையின்போது, இறந்தவரைப் பற்றி ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். எல்லோரும் திராட்சரசத்தைப் பற்றித்தான் பேசினார்கள். கடைசியில் பாஸ்டர் என்னைப் பார்த்தார். “மகள் ரெண்டு வார்த்தை சொல்லலாம்.”

எழுந்தேன். அந்தக் காரியம் தொண்டைவரை வந்து நின்றது. சொல்லியிருந்தால் அந்தக் கூடமே அழுதிருக்கும். அம்மாவுக்காக அத்தனை பேரும் அழ வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. “வந்த எல்லாருக்கும் ஸ்தோத்திரம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பெற்ற தாயைப் பற்றிச் சொல்ல ஒரு நல்ல வார்த்தை இல்லையா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

அந்த நியாயத்தீர்ப்பை நம்புகிறாயா என்று யாராவது கேட்டால், சில நாள் நம்புகிறேன், சில நாள் இல்லை. இந்த வருடமும் போகிப் புகை வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். நீளமான ஒரு வரிசையில் அம்மா வெள்ளைப் புடவையில் நிற்கிறாள். பாட்டில்களும் பாட்டுகளும் பாராட்டுகளும் வைக்கோலாகப் பற்றி எரிகின்றன. அவள் ஊதா விரல்களை மட்டும் இறுக மூடியிருக்கிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆண்டவர் அந்தக் கையைத் திறக்கச் சொல்லும்வரை இங்கேகூட அதை நான் எழுதப்போவதில்லை.