எழுபத்து மூன்றாம் பக்கத்து மிளகுத்தூள்

எங்கள் வீட்டில் அறுநூற்றுப் பதினான்கு சமையல் புத்தகங்கள் இருக்கின்றன. மதியச் சாப்பாடு ரொட்டியும் அவித்த முட்டையும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ‘ஆனால்’ என்று ஒரு சொல் வர வேண்டும் என்பாள் என் மனைவி. போட்டால் புகார் மாதிரி ஆகிவிடும் என்று நான்தான் விட்டுவிட்டேன்.

அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். இருபத்தைந்து வருடமாக அதே ஜன்னலோர நாற்காலி, அதே சிவப்புப் பென்சில். அங்கே அவளுக்கு ‘ஒற்றம்மா’ என்று பெயர். க், ச், த், ப் எங்கே வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்பதில் பெற்ற அப்பாவுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் பிழை பார்ப்பாள். யாருக்குக் கல்யாணம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

நான் அதே அச்சகத்தில் டைப் அடிப்பவன். நான் தப்புச் செய்வேன், அவள் கண்டுபிடிப்பாள். கல்யாணத்துக்கு முன்பும் இதே ஏற்பாடுதான். இப்போது வீட்டிலும் தொடர்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்காதீர்கள். எங்கே இல்லை என்று கேளுங்கள். ஃபிரிட்ஜின் தலையில் ஒரு வரிசை, கட்டிலுக்கு அடியில் மூன்று வரிசை. ஆசையாக ஓர் ஓவன் வாங்கினோம். அதற்குள் கேக் இருக்கிறது, புத்தகமாக. இஸ்திரிப் பெட்டி காணாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஊறுகாய்களுக்குப் பின்னால் இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம்.

இவ்வளவையும் அவள் சமைப்பதற்காக வாங்கவில்லை. மற்றவர்கள் நாவல் படிப்பதுபோல் சாய்ந்துகொண்டு படிப்பாள். நடுவில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, “அய்யய்யோ, முட்டையை உடைக்கச் சொல்லாமலே அடிக்கச் சொல்லிட்டாங்களே!” என்று பதறுவாள். அப்போது அவள் முகத்தில் வருகிற பூரிப்பைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு பச்சை அட்டைப் புத்தகம் காரணம். அதற்குப் பின்னால் இருக்கிற காரணம் நான்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அம்மா ஒருவர், தான் எழுதிய நூறு சமையல் குறிப்புகளைத் தன் செலவில் அச்சிட எங்களிடம் வந்தார். முந்நூறு பிரதிகள், பச்சை அட்டை. எழுபத்து மூன்றாம் பக்கத்தில் ஆறு பேருக்கான காய்கறிச் சூப். அதில் ‘மிளகுத்தூள் 2 தே.க.’ என்று அவர் எழுதியிருந்தார். தே.க. என்றால் தேக்கரண்டி. நான் ‘2 மே.க.’ என்று அடித்துவிட்டேன். மே.க. என்றால் மேசைக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டிக்குள் மூன்று தேக்கரண்டி அடங்கும். மாறியது ஒரே ஓர் எழுத்து. மிளகு மூன்று மடங்கு.

இந்த மாதிரித் தப்பு நான் தினமும் பத்துச் செய்வேன். பிடிக்கத்தான் அவள் இருக்கிறாளே. அன்று ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

பிழை பார்க்க எடுத்த அந்தப் பக்கத்துப் புரூஃப் தாளின் ஓரத்தில், மிளகுத்தூளுக்கு நான்கு விரல் தள்ளி, நான் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தேன். ‘ஞாயிற்றுகிழமை டீ குடிக்க வருவீர்களா?’ நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் புரூஃப் திரும்பி வந்தது. என் வரி சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம்தான் கவனித்தேன். அடித்த வரிக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள், பக்கத்தில் பொடி எழுத்தில் ‘இருக்கட்டும்’.

எங்கள் அச்சகத்து வழக்கம் அது. அவசரப்பட்டு அடித்துவிட்ட வார்த்தையைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால், அடியில் புள்ளி வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுத வேண்டும். அடித்தது செல்லாது, பழையது அப்படியே நிற்கும். போதாததற்கு ‘ஞாயிற்றுகிழமை’யில் நான் விட்டிருந்த ‘க்’கையும் சேர்த்திருந்தாள். அந்த ‘க்’கைப் பிடித்த கண்தான் பக்கத்திலிருந்த ‘மே’யைக் கோட்டைவிட்டது.

புத்தகம் வெளிவந்து ஒரு மாதத்தில் முதலாளி வீட்டிலேயே அந்தச் சூப்பை வைத்துவிட்டார்கள். மறுநாள் அவர் கண் சிவந்து வந்து நின்றார். கோபமா மிளகா என்று தெரியவில்லை. புரூஃபை எடு, யார் தப்பென்று பார்ப்போம் என்றார். புரூஃப் தொலைந்துவிட்டது என்றாள் இவள். “டைப் அடிக்கிறவர் தப்புப் பண்ணுவார் சார். பிடிக்கிறதுதான் என் வேலை. கண் அசந்துட்டேன்.” அவர் பத்துப் பேருக்கு முன்னால் வைத்துத் திட்டினார். பென்சில் வரியைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குள் முந்நூறு பிரதிகளும் ஊர் முழுக்கப் போய்விட்டன. தலைமையாசிரியர் அம்மா விஷயம் தெரியாமலே அந்த வருடம் காலமானார். முன்னுரையில் அவர் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘ஒரு பிழைகூட இல்லாமல் பார்த்துத் தந்த பிழை திருத்துநருக்கு என் நன்றி.’ அந்த வரிதான் இவளைத் தூங்கவிடாமல் செய்தது.

“நன்றியை வாங்கி வச்சுக்கிட்டு எப்படிங்க சும்மா இருக்கிறது? முந்நூறையும் தேடித் திருத்தணும்.”

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பழைய புத்தகக் கடைகள்தான். பச்சை அட்டை கிடைத்தால் வாங்குவாள், ‘மே’யை அடித்துப் பென்சிலால் ‘தே’ எழுதுவாள், யாருக்காவது போய்ச் சேரட்டும் என்று கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவாள். கிடைக்காத வாரங்களில்? வெறுங்கையோடு திரும்பக் கூடாதாம். அப்படிச் சேர்ந்ததுதான் இந்த அறுநூற்றுப் பதினான்கு.

ரயில்வே பாலத்துக்கு அடியில் நடைபாதைக் கடை வைத்திருப்பவரை நாங்கள் மழைக்கோட்டு என்போம். கொளுத்துகிற வெயிலிலும் கையில் மழைக்கோட்டு வைத்திருப்பார், புத்தகங்களை மூடுவதற்கு. அவரிடம் என் மனைவி பேரம் பேசுவது தனி ஜாதி.

“தம்பி, பத்தொன்பதாம் பக்கம் பாருங்க. ‘வெங்காயத்தை பொடியாக’ன்னு போட்டிருக்கு. ‘ப்’ எங்க?”

“வெங்காயம் இருக்கில்ல அக்கா?”

“‘ப்’ இல்லையே.”

“சரி, கொஞ்சம் குறைச்சுக் குடுங்க.”

“இருபதாம் பக்கம் இன்னும் பார்க்கலை.”

இருபத்தைந்தாம் பக்கம் வருவதற்குள் அவர் பாதி விலைக்கு இறங்கிவிடுவார். பிழை பிடிக்கிற வேலைக்கு அச்சகம் கொடுக்கிற சம்பளத்தைவிட இது நல்ல வரும்படி என்று எனக்குத் தோன்றும். வெளியே சொன்னதில்லை.

ஒருமுறை ஒரு பச்சை அட்டைக்காக அரை மணி நேரம் பேசி, வெற்றிகரமாக வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் பிரித்துப் பார்த்தால் எழுபத்து மூன்றாம் பக்கத்தில் அவள் எழுதிய ‘தே’ அவளையே பார்த்துச் சிரிக்கிறது. போன மாதம் அவளே சும்மா கொடுத்த புத்தகம்.

“சொல்லக் கூடாதா தம்பி?” என்று மறுவாரம் சண்டைக்குப் போனாள்.

“நீங்க பேரம் பேசுற அழகைப் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன் அக்கா.”

அதற்குப் பிறகு, திருத்திய புத்தகத்தின் பின்னட்டை மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். இதுவரை அறுபத்து மூன்று புள்ளிகள். முந்நூறு எப்போது முடியும் என்று நான் கேட்பதில்லை. வீட்டில் நிம்மதி முக்கியம்.

போன மாதம் கடைத்தெருவில் ஒரு சுவரில் காகிதம் ஒட்டியிருந்தது. ‘வீட்டு சாமான்கள் விற்பனைக்கு.’

“‘ச்’ இல்லை. வாங்க, போய்ப் பார்க்கலாம்” என்றாள். பிழை இருக்கிற இடத்தில் சாமான் மலிவாகக் கிடைக்கும் என்பது அவளுடைய கணக்கு.

மூன்றாவது மாடி. தனியாக இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மகள் வீட்டோடு போகிறாராம். கூடத்தில் தம்ளர்கள் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தன. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. காய்கறிக் கூடையில் பத்துப் பன்னிரண்டு சமையல் புத்தகங்கள். என் மனைவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாவதாகப் பச்சை அட்டை வந்தது. ஆவலோடு திருப்பிப் பார்த்தாள். மூலையில் சிவப்புப் புள்ளி.

“ப்ச். நம்ம கை பட்டதுதான்” என்று ஓரமாக வைத்துவிட்டு, ரொட்டி வகைகள் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தில் மூழ்கிப்போனாள்.

எனக்கு வேறு வேலை இல்லை. பச்சை அட்டையை எடுத்து, பழக்க தோஷத்தில் எழுபத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தேன். பக்கம் முழுக்கச் சூப் சிந்திய கறை. அவளுடைய பென்சில் ‘தே’யின் மேல் பேனாவால் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தது. ஓரத்தில் குண்டு குண்டாக ஒரு கையெழுத்து: ‘அச்சில் இருப்பதே சரி. மே.க.தான். யாரும் மாற்ற வேண்டாம்.’ அதற்குக் கீழே வெவ்வேறு மையில் பல வரிகள். ‘சளி ஒரே நாளில் போச்சு.’ ‘சண்டை. மூன்று நாள் பேச்சில்லை. இது வைத்தேன். கண்ணில் தண்ணீரோடு இரண்டு கிண்ணம் குடித்தார். சிரித்துவிட்டோம்.’

அவளிடம் நீட்டினேன். அவள் படித்தாள். இருபத்தைந்து வருடத்தில் ஒற்றம்மாவை யாரும் திருத்தியதில்லை. முகம் சிவந்துவிட்டது.

அதற்குள் பெரியவர் பார்த்துவிட்டார். “அது விற்கிறதுக்கு இல்லம்மா. எப்படியோ கூடையில கலந்துடுச்சு. எழுதினது என் வீட்டுக்காரி. போன வருஷம் போயிட்டா.”

“இந்தச் சூப்...” என்று ஆரம்பித்தாள் இவள்.

“அதை ஏன் கேக்குறீங்க! பழைய கடையில வாங்கின புத்தகம். யாரோ ஒரு மேதாவி உள்ள பென்சிலால மாத்தி வச்சிருந்தான். இவளும் அதை நம்பி முதல் தடவை ரெண்டு டீஸ்பூன் போட்டா. சப்புன்னு இருந்துச்சு. அடுத்த தடவை, அச்சடிச்சவனுக்குத் தெரியாததா இந்தப் பென்சில்காரனுக்குத் தெரிஞ்சுடப் போவுதுன்னு பெரிய ஸ்பூன்ல போட்டா. அன்னையிலேருந்து எங்க வீட்டுல மழைக்கு, காய்ச்சலுக்கு, கோபத்துக்கு எல்லாம் இதுதான்.”

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவள் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

“அந்த மேதாவி நான்தாங்க” என்றாள் மெதுவாக. “இதை அச்சடிச்ச அச்சகத்துலதான் வேலை பார்க்கிறேன்.”

பெரியவருடைய சிரிப்பு அப்படியே நின்றுபோனது. புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அப்படின்னா... எதும்மா சரி? அவ இத்தனை வருஷமா தப்பாவா செஞ்சா?”

நான் என் மனைவியைப் பார்த்தேன். முதலாளிக்காக, சொந்த அப்பாவுக்காக, எனக்காக ஓர் ஒற்றைக்கூட விட்டுக்கொடுக்காதவள். தலைமையாசிரியர் அம்மாவின் நன்றி ஒரு பக்கம், தேடி அலைந்த இருபத்திரண்டு வருடம் இன்னொரு பக்கம். அவள் கைப்பையைத் திறந்து சிவப்புப் பென்சிலை எடுத்தாள். தான் அடித்திருந்த ‘மே’க்கு அடியில் புள்ளிகள் வைத்தாள். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினாள்.

“அச்சுல இருக்கிறதுதாங்க சரி” என்றாள். “நான்தான் தப்பா மாத்திட்டேன். உங்க வீட்டம்மா சரியாத்தான் செஞ்சிருக்காங்க.”

பெரியவர் புத்தகத்தை வாங்கி, தம்ளர்களோடு சேர்க்காமல், தான் கையில் எடுத்துப் போகிற பையில் வைத்துக்கொண்டார். ரொட்டிப் புத்தகத்துக்கு அவர் சொன்ன விலையை அப்படியே கொடுத்தாள் என் மனைவி. அட்டையிலேயே ஓர் ஒற்று இல்லை. அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தெருவுக்கு வந்ததும், “அப்போ மத்த அறுபத்து ரெண்டையும் தேடிப் புள்ளி வைக்கணுமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? அதெல்லாம் திருத்தினது திருத்தினதுதான். எல்லாருக்கும் பஸ் டிரைவர் தொண்டையா இருக்கு?”

தெருமுனை வரை வந்துவிட்டோம். “அன்னைக்கு முதலாளிகிட்ட நான் சொல்லியிருக்கணும்” என்றேன். “ஓரத்துல எழுதினது நான்தான்னு.”

“சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் திட்டு. ஒருத்தருக்குத் திட்டுங்கிறது மலிவில்லையா?” என்றாள்.

வீட்டுக்கு வந்தவள் நேராக ஓவனைத் திறந்தாள். கேக் புத்தகங்களுக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை உருவினாள். அதற்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அடுப்புக்கு எதிரே சுவரில் ஒட்டினாள். பழுப்பேறிய புரூஃப், எழுபத்து மூன்றாம் பக்கம். தொலைந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னாளே, அதேதான். மிளகுத்தூள் 2 மே.க. பக்கத்தில் என் வரி, சிவப்புக் கோடு, அவள் சேர்த்த ‘க்’, கீழே புள்ளிகள்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தச் சூப்பை வைத்தாள். மேசைக்கரண்டியில் மிளகுத்தூளை அள்ளி, கத்தியால் மட்டம் தட்டி, இரண்டு தடவை போட்டாள். நான் ஒரு வாய் குடித்தேன். காது அடைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எதிரே உட்கார்ந்திருந்த அவளுக்கும் கொட்டிக்கொண்டிருந்தது. அது மிளகா வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

“ரொம்பக் காரமாங்க? கொஞ்சம் வெந்நீர் ஊத்தட்டுமா?”

“இருக்கட்டும்” என்றேன்.